சத்தம் இல்லாமல் பார்த்தவள்

அந்த ஆபீசில் யாரும் சத்தத்தோடு பார்ப்பதில்லை. ஹால் நிறைய ஆட்கள் உட்கார்ந்து நாள் முழுக்க வீடியோ பார்க்கிறார்கள். ஆனால் ஏசி உறுமுவதையும் மவுஸ் தட்டுவதையும் தவிர ஒரு சத்தம் கேட்காது. ஊர் உலகத்தில் எவனெவனோ இணையத்தில் ஏற்றிவிடுகிற வீடியோக்களில் புகார் வந்ததெல்லாம் இந்த ஹாலுக்குத்தான் வந்து விழும். விடு, மறை, மேலதிகாரிக்குத் தள்ளு என்று மூன்று பட்டன். பார்த்துவிட்டு மூன்றில் ஒன்றைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அடி, உதை, ரத்தம் எல்லாம் கண்ணுக்கு எப்படியோ பழகிவிடுகிறது. காதுக்குத்தான் பழகவே மாட்டேன் என்கிறது. ஒரு அலறலைக் கேட்டுவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எல்லோரும் ஹெட்போனைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வீடியோவை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கப் பழகிக்கொள்வார்கள். விதிப்படி இது தப்பு. மேனேஜருக்கும் தெரியும். வேலை மளமளவென்று நடந்தால் சரி என்று அவரும் கண்டும் காணாமல் போய்விடுவார்.

வீட்டில் பெரியவள் என்று கூப்பிடப்படுகிற அவளும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டித் தட்டி வலது மணிக்கட்டில் ஒரு வலி நிரந்தரமாகக் குடிவந்திருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மா வலி மருந்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். "அப்படி என்னத்தடி தட்டுறீங்க அங்க, நெல்லா குத்துறீங்க?" என்று திட்டிக்கொண்டே கையைப் பிடித்துவிடுவாள். என்ன வேலை என்று வெளியே சொல்லக்கூடாது என்பது ஆபீஸ் கட்டளை. "கம்ப்யூட்டர்ல சரிபாக்குற வேலைம்மா" என்று சொல்லி வைத்திருந்தாள். அம்மாவும் அதற்கு மேல் நோண்டவில்லை.

தம்பிக்கு மட்டும் தெரியும். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவனுக்கு. வண்டி ஓட்டாத நேரமெல்லாம் கைப்பேசியும் கையுமாகத்தான் இருப்பான். இணையம் என்றால் அவனுக்கு உயிர். சும்மா சொல்லக்கூடாது, அதில் நியாயமும் இருந்தது. போன தேர்தலில் வாக்குச்சாவடிச் சுவரில் ஒட்டிய முடிவுகளை ஜனங்கள் ஆளாளுக்குப் படம்பிடித்துப் போட்டார்கள். மேலிடத்தில் கூட்டிச் சொன்னது பச்சைப் பொய் என்று ஒரே நாளில் அம்பலமாகிவிட்டது. பேப்பர் போடாத செய்தி, டிவி வாய் திறக்காத செய்தி, காய்கறி விற்கிறவர் கைப்பேசி வரைக்கும் வந்து சேர்ந்தது. "இனிமே எவனும் நம்ம காதுல பூ சுத்த முடியாதுக்கா" என்று அவன் வீட்டுக்குள் குதித்தான். பெரியவளும் அப்போது அதை நம்பினாள். கெட்டதைக் கூட்டிப் பெருக்கித் தள்ளினால் நல்லது நாலு பேர் கண்ணில் படும் என்று எண்ணித்தானே அவள் இந்த வேலைக்கே போனாள்.

ஜனங்களுக்கு வாய் முளைத்தபோதே அரசாங்கத்துக்குக் காதும் முளைத்துவிட்டது என்பது போகப்போகத்தான் தெரிந்தது. முன்பெல்லாம் யார் எங்கே கூடுகிறார்கள் என்று அறிய ஒற்றன் வைக்க வேண்டும், அவனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இப்போது அந்தத் தொல்லையே இல்லை. ஜனங்களே இடம், நேரம், முகம் எல்லாவற்றையும் போட்டுச் சொல்லிவிடுகிறார்கள்.

அவளுக்கு வருகிற வீடியோக்களிலும் இதே கதைதான். மொழி தெரியாத நாடுகளிலிருந்தெல்லாம் வரும். எந்த நாடாக இருந்தாலும் ஓடுகிறவர்கள் செருப்பை விட்டுவிட்டுத்தான் ஓடுகிறார்கள். ஒருமுறை எங்கோ ஒரு பஸ் டிரைவரை இழுத்துக்கொண்டு போவதை யாரோ ஜன்னல் வழியாக எடுத்திருந்தார்கள். விடு என்று தட்டினாள். அது உலகம் பூராவும் சுற்றி, கூச்சல் கிளம்பி, அந்த மனுஷனை விட்டுவிட்டார்கள். மகளைத் தூக்கிவைத்துக்கொண்டு அவர் சிரிக்கிற படமும் அவள் திரைக்கே வந்தது. அன்றைக்கு டீ நன்றாக இருந்த மாதிரி இருந்தது. கொஞ்ச நாள் கழித்து இன்னொன்று வந்தது. அது எந்த ஜன்னல் என்று கண்டுபிடித்து, எடுத்த ஆளைப் பிடித்துக்கொண்டு போனார்களாம். அதையும் விடு என்றுதான் தட்டினாள். வேறு என்ன செய்ய?

தேர்தலை இன்னொரு தடவை தள்ளிப்போட்டபோது ஜனங்கள் மேம்பாலத்தில் கூடினார்கள். கூப்பிட்டதும் கைப்பேசிதான், கூட்டியதும் கைப்பேசிதான். தம்பியும் போனான். "ஓரமா நின்னு வீடியோ மட்டும்தான்க்கா எடுப்பேன்" என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனான். மதியத்துக்கு மேல் தடியடி. போலீஸ் ஜீப் ஒன்று எரிந்தது. ஆபீசுக்கு உடனே உத்தரவு வந்துவிட்டது. மேனேஜர் ஒவ்வொரு மேசையாக வந்து குனிந்து சொன்னார்: "பாலத்துப் பக்கம் எடுத்தது எதுவா இருந்தாலும் மறைச்சிடுங்க. யோசிக்க வேணாம்."

யோசிக்க யாருக்கு நேரம்? அன்றைக்கு வீடியோக்கள் மழையாகக் கொட்டின. பாலம் தெரிந்தால் மறை, லத்தி தெரிந்தால் மறை, ஓட்டம் தெரிந்தால் மறை. கை தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டே போனது. தம்பி இருக்கிறானா என்று முகங்களை மட்டும் தேடினாள். ஒன்றிலும் அவன் இல்லை. அப்பாடா என்று வீட்டுக்குப் போனாள். அவனும் வந்து சேர்ந்திருந்தான். முழங்கை சிராய்ப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவனை அப்படியே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஜீப்பைக் கொளுத்தியவன் அவன்தானாம்.

பார்க்க விட்டபோது கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றான். உதடு வீங்கியிருந்தது.

"நான் கொளுத்தலக்கா. ஜீப் எரியும்போது நான் ஒரு கடைக்குள்ள இருந்தேன். லைவ் போட்டுக்கிட்டே ஓடினேன், எல்லாம் அதுல இருக்கு. என் போனை இவங்க பிடுங்கிட்டாங்க. வக்கீலம்மா தேடிப் பாத்தா வீடியோவே காணோமாம். எவனோ தூக்கிட்டான்." வலையில் விரலைக் கோத்துக்கொண்டான். "நீ அங்கதானேக்கா இருக்க? எப்படியாவது எடுத்துக் குடு. அது ஒண்ணு போதும்."

"எடுத்துடலாம்டா, விடு" என்றாள்.

வக்கீலம்மாவும் சுற்றி வளைக்காமல் சொன்னாள். வீடியோ கிடைத்தால் ஜாமீன் கிடைத்துவிடும், கேஸே நிற்காது. கிடைக்காவிட்டால் விசாரணை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ உள்ளேதான்.

அன்றைக்கு அம்மா வலி மருந்து தேய்க்கும்போது திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சாபம் விட ஆரம்பித்தாள். "என் பிள்ளைக்கு இருந்த ஒரே சாட்சி. அதை மறைச்சவன் எவனோ, அவன் கை விளங்காமப் போக. அவன் கையில சோறு எடுத்து வாயில வைக்க முடியாமப் போக."

பெரியவளுக்கு அதுவரை அந்தச் சந்தேகமே வந்திருக்கவில்லை. அம்மா சொன்ன பிறகுதான் அது தன் கையாக இருக்குமோ என்று தோன்றியது.

மறுநாள் ஆபீசில் தன் பழைய முடிவுகளைத் திறந்தாள். மறைத்த வீடியோ ஒரு மாதம் பெட்டியில் கிடக்கும், பிறகு தானாக அழிந்துவிடும். பாலத்து நாளில் மறைத்ததை ஒவ்வொன்றாக ஓட்டினாள். ஒன்றின் தொடக்கத்தில் முகமே இல்லை. ஓடுகிற தரை, சாக்கடை மூடி, ஒரு பச்சை ஷட்டர். இதை மறைத்தது அவளுக்கு ஞாபகம்கூட இல்லை. ஓரமாகக் கிடந்த ஹெட்போனைத் தூசி தட்டி மாட்டிக்கொண்டாள்.

மூச்சிரைக்கிற சத்தம். பிறகு, "ஐயோ, ஐயோ, இந்தப் பக்கம் வாங்க!" தம்பியின் குரல்தான். அவளோடு ஒரே தட்டில் சண்டை போட்டுச் சாப்பிட்ட குரல். அதைச் சத்தத்தை அணைத்து, இரட்டை வேகத்தில் ஓட்டி, ஒரு தட்டுத் தட்டி மூடியிருக்கிறாள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஷட்டர் இறங்குகிறது. ஒரே இருட்டு. விளக்கு எரிகிறது. அலமாரி நிறைய மருந்து டப்பாக்கள். ஒரு பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறாள். வெளியே டமார் என்று ஒரு சத்தம், "ஜீப் எரியுதுடா!" என்று கூட்டம் கத்துகிறது. "வெளிய ஜீப் எரியுதாம், நாங்க மருந்துக்கடைக்குள்ள இருக்கோம்" என்று தம்பி சொல்கிறான். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அப்போது அந்தப் பெண் நேராகப் பார்த்தாள். "தம்பி, அந்தப் போனை முதல்ல அணைப்பா. என் மூஞ்சி தெரியப்போகுது. ரெண்டு பிள்ளைங்களை வச்சிருக்கேன், நான் ஒருத்திதான்."

"சரிக்கா. அணைச்சிட்டேன்க்கா."

அவன் அணைக்கவில்லை. ஓடிவந்த அவசரத்தில் என்னத்தை அமுக்கினானோ, அவள் முகம் இன்னும் கொஞ்ச நேரம் திரை முழுக்க நின்றது. பின்னால் கண்ணாடியில் கடைப் பெயர் திருப்பிப் போட்ட எழுத்தில் பளிச்சென்று தெரிந்தது.

அடுத்த மேசையில் புரூஃப் அண்ணன் இருந்தார். ஒரு பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தவர், பத்திரிகையை மூடிவிட்டதால் இங்கே வந்தவர். மறைத்ததைத் திரும்ப விட வேண்டுமானால் இன்னொருவர் ஒப்புக்கொண்டு தட்ட வேண்டும். அவரிடம் ஹெட்போனைக் கொடுத்தாள். முழுக்கக் கேட்டுவிட்டுக் கழற்றினார்.

"நீ சொன்னா நான் தட்டிடறேம்மா. நம்ம ரெண்டு பேர் வேலையும் போகும், போகட்டும், இதெல்லாம் ஒரு வேலையா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா இந்தம்மா?"

"முகத்தை மட்டும் மறைச்சு விட முடியாதா அண்ணே?"

"அதெல்லாம் நம்மகிட்ட ஏது? விட்டா முழுசா, இல்லன்னா இல்ல. முகத்தை மறைச்சாலும்தான் என்ன? அந்தக் கடைதானே சாட்சி."

சனிக்கிழமை அந்தத் தெருவைத் தேடிக்கொண்டு போனாள். அந்தம்மாவிடமே கேட்டுவிடுவது, காலில் விழுந்தாவது சாட்சி சொல்லக் கூப்பிடுவது என்று முடிவு பண்ணியிருந்தாள். கடை திறந்திருந்தது. பக்கத்தில் சாவி செய்கிற கடை. அதன் பூட்டில் அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள்.

"தலைவலி மாத்திரை குடுங்க" என்றாள். வாயில் வந்தது அதுதான்.

மருந்துக்கடைக்காரி மாத்திரையை எடுத்தாள். வீடியோவில் இருந்ததைவிட இளைத்திருந்தாள். தெருவில் எந்த வண்டி வேகம் குறைந்தாலும் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"பக்கத்துக் கடைக்கு என்ன ஆச்சுங்க?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நல்ல மனுஷன்ங்க. அன்னைக்கு ஓடி வந்தவங்களை உள்ள விட்டாரு. எவனோ அதை வீடியோ எடுத்து, 'மனிதம் சாகவில்லை'ன்னு பேர் வச்சுப் போட்டுட்டான். லட்சம் பேர் பாத்தாங்க, ஆளாளுக்கு லைக் போட்டாங்க. போலீசும்தானே பாப்பான்? கூட்டிட்டுப் போனவங்க இன்னும் விடல. அவர் சம்சாரம் தினம் ஸ்டேஷன் வாசல்ல நிக்குது."

பெரியவள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என் கடைக்குள்ளயும் ஒரு பையன் எடுத்தான்" என்றாள் மருந்துக்கடைக்காரி. யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டும் போலிருக்கிறது. "நல்ல பையன்தான், அக்கா அக்கான்னு பேசினான். ஆனா அன்னைக்குச் சாயங்காலம் என் ஈரக்குலையே நடுங்கிடுச்சு. தேடித்தேடிப் பாத்தேன், அந்த வீடியோ இல்ல. எந்த மகராசன் மறைச்சானோ தெரியல. அவன் கை நல்லா இருக்கணும். தினம் நினைச்சுக்குவேன்."

பெரியவள் மாத்திரைக்கான காசை எடுத்து வைத்தாள். கும்பிடப் போனவள் போல ஒரு கையைத் தூக்கினாள், பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு நடந்தாள். பஸ்சில் வரும்போது தன்மீது அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. கேட்டிருக்கலாம். கேட்டால் அந்தம்மா முகத்தை எப்படிப் பார்ப்பது? கேட்காவிட்டால் தம்பி முகத்தை எப்படிப் பார்ப்பது? இரண்டு பக்கமும் இடி வாங்குகிற மத்தளத்தின் கதிதான்.

அடுத்த முறை பார்க்கப் போனபோது தம்பி தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

"கிடைச்சுதாக்கா?"

"கிடைச்சுதுடா."

அவன் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே, அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "அதை மறைச்சது நான்தான்டா" என்றாள்.

"என்னக்கா? இந்தக் காது கேக்கல. அடிச்சதுல அடைச்சுப்போச்சு. இந்தப் பக்கம் வந்து சொல்லு."

அவனுடைய நல்ல காதுப் பக்கமாக நகர்ந்தாள். ஒரு தடவை சொல்லவே உயிர் போய் வந்தது. இரண்டாம் தடவையும் சொன்னாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயா? பாக்காமலேவா தட்டின?"

"பாத்தேன்டா. கேக்கல."

சிரிப்பு மாதிரி ஒன்று வந்து அவன் வீங்கிய உதட்டில் நின்றது. "சரி போ. தெரியாம நடந்தது. இப்பப் போட்டுடு."

"அதுல அந்த மருந்துக்கடைக்காரம்மா மூஞ்சி இருக்கு."

"நான்தான் அணைச்சிட்டேனே."

"அணையலடா. கடைப் பேரும் தெரியுது."

அவனுக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. "அதுக்கு? அதுக்காக நான் இங்க கிடந்து சாகணுமா? நீ எனக்கு அக்காவா, அவங்களுக்கு அக்காவா?"

"உனக்குத்தான்டா" என்றாள். அழுகையை அடக்கவில்லை. "உன்கிட்ட கேக்கத்தான் வந்தேன். நீ போடுன்னா இன்னைக்கே போட்டுடறேன். வேலை போனாலும் போகட்டும், அந்தம்மா என்னைச் சபிச்சாலும் சபிக்கட்டும். உன்னை வெளிய கொண்டு வரணும், எனக்கு அதுதான். ஆனா நீ வாயால சொல்லு."

அவன் விரல்களை வலையில் கோத்துக் கோத்து எடுத்தான். வெளியே காவலர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செருமினார்.

"பக்கத்துல ஒரு சாவிக்கடைக்காரர் இருந்தாரே" என்றான்.

"கூட்டிட்டுப் போயிட்டாங்க. கடைக்கு முத்திரை வச்சிருக்காங்க."

"வீடியோ பாத்தா?"

"வீடியோ பாத்துத்தான்."

நேரம் ஆச்சு என்றார் காவலர். தம்பி நல்ல காதை வலையில் ஒட்டி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். "நான் கேக்காமலே தண்ணி குடுத்தாங்கக்கா" என்றான். போகத் திரும்பினவன் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "அம்மாகிட்ட கிடைக்கலன்னு சொல்லிடு."

அந்த வீடியோ பெட்டியில் கிடந்த மிச்ச நாளெல்லாம் பெரியவள் அதைத் தினமும் ஒரு தடவை திறந்து கேட்டாள். மனது மாறாதா என்று ஒவ்வொரு தடவையும் தன்னையே பார்த்தாள். மாறவும் செய்தது. இரண்டு முறை புரூஃப் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவரும் தயாராகத்தான் இருந்தார். "சரிக்கா. அணைச்சிட்டேன்க்கா" என்று தம்பி சொல்கிற இடம் வந்ததும் கையை எடுத்துவிடுவாள். ஒரு நாள் வந்து பார்த்தபோது அது அங்கே இல்லை. அது இருந்த இடத்தில் வேறு ஏதோ ஒரு நாட்டு வீடியோ வந்து நின்றது. யாரோ ஓடிக்கொண்டிருந்தார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சாதாரண வேகத்தில் ஓடவிட்டாள். மேனேஜர் வந்து, வேலை மந்தமாகிவிட்டது என்று குறைபட்டுக்கொண்டார்.

சாயங்காலம் அம்மா வாசலிலேயே நின்றாள்.

"கிடைச்சுதாடி?"

"கிடைக்கலம்மா. அழிஞ்சே போச்சு."

அம்மா அழவில்லை. அழுது அழுது ஓய்ந்துபோயிருந்தாள். உள்ளே போய் வலி மருந்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மகளின் வலது கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, மணிக்கட்டில் தொடங்கி விரல் நுனிவரைக்கும் பதமாகத் தேய்த்துவிட்டாள்.

"அதை மறைச்சவன் கை மட்டும் என் கையில கிடைச்சா, ஒடிச்சுப் போட்டுருவேன்" என்றாள்.

பெரியவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"என்னடி? ரொம்ப வலிக்குதா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா" என்றாள் பெரியவள்.